துணிக்கு அடியில் பேசிய பேரம்

செத்தவர்கள் வீட்டுச் சாமான்களை வாங்கி விற்பது என் தொழில். கேட்க நன்றாக இருக்காது. ஆனால் அலமாரியைப் பாடையில் ஏற்ற முடியாதே, யாராவது தூக்கித்தானே ஆக வேண்டும். துக்கம் விசாரிக்கிற முகத்தோடு உள்ளே போவேன், விலை விசாரிக்கிற முகத்தோடு வெளியே வருவேன். எங்கள் பரம்பரையே அப்படி. அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் சந்தையில் பேரம் பேசிப் பேசியே பல் தேய்ந்தவர்கள். நான் பிறந்தபோது நர்ஸ் என் எடையைச் சொன்னதும், "கொஞ்சம் ஏத்திப் போடுங்கம்மா" என்று பெரியப்பா பழக்க தோஷத்தில் கேட்டாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு நானும் என் மாப்பிள்ளையும் அந்த வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். மருந்துக்கடை வைத்திருக்கிறார். வீட்டில் எல்லோரும் அவரைத் 'தளபதி' என்று கூப்பிடுவோம். காரணம், அவருடைய பைத்தியம். நெப்போலியன் காலத்துச் சண்டைகளை மேஜைமேல் விரித்து, விரல் உயரத்து ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, பகடை உருட்டி, அங்குல டேப்பால் அளந்து அளந்து நகர்த்தி ஆடுவார். கடையில் எலி மருந்து கேட்டு வருகிறவரிடமும் குதிரைப்படையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார். இறந்தவர் வீட்டில் அப்படி ஒரு மேஜை இருக்கிறது என்று தகவல் வந்ததும், பொருளுக்கு மதிப்புச் சொல்ல அவரைத்தான் கூட்டிப்போனேன்.

கிளம்பும்போது தங்கை வாசல் வரை வந்து சொன்னாள். "அண்ணா, அவரை பொம்மைக்கு முன்னாடி விட்டுட்டு நீங்க வேற வேலைக்குப் போயிடாதீங்க. நாலு மணிக்கு எனக்கு ஆள் முழுசா வந்தாகணும்."

"ஒரு பட்டன் குறைஞ்சாலும் கேளு" என்றேன்.

போனது நாங்கள் இரண்டே பேர். எனக்கு ஞாபகம் இருப்பது அப்படித்தான். மாப்பிள்ளை கார் ஓட்டினார். நான் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். முன் சீட் காலியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லி வைக்கிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எல்லாப் பேரத்தையும் முடித்தவனுக்கு அந்த ஒன்று மட்டும் படியவில்லை என்று நானே சொல்லிச் சிரிப்பது வழக்கம்.

வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. மாடி வீடு. பக்கத்தில் ஒரு அச்சகம், ஞாயிறு என்பதால் பூட்டியிருந்தது. இறந்தவர் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். கதவைத் திறந்தது அவர் மனைவி. மெலிந்த உடம்பு, நேரான முதுகு. எங்களைப் பார்த்தார், உட்காரச் சொன்னார், உள்ளே போய் டீ கொண்டுவந்தார். தட்டில் ஐந்து கப். ஒன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டார். நாங்கள் குடித்தோம்.

தொழில் புத்தி, நான் அதற்குள் கீழ்த்தளத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டேன். தேக்கு அலமாரி, சாப்பாட்டு மேஜை, எட்டு நாற்காலி. உள்ளறை ஒன்றில் இரண்டு சின்னக் கட்டில்கள், குழந்தைகள் படுக்கிற அளவு. நல்ல மரம். அவற்றையும் கொடுப்பதாக இருந்தால் எடுத்துக்கொள்கிறேன், பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டார்களா என்று கேட்டேன்.

"எங்களுக்குப் பிள்ளைங்க இல்லையே" என்றார் அந்த அம்மாள். கப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தக் கட்டில் எப்படி வந்துதுன்னு எனக்குத் தெரியல."

பிறகு விலைக்கு வந்தோம். நான் அடிமட்டத்திலிருந்து ஆரம்பிக்க வாயைத் திறப்பதற்குள், மாடியில் இருக்கும் மேஜை, சிப்பாய்கள், பெட்டிகள் எல்லாவற்றையும் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. மேஜைமேல் ஒரு சண்டை பாதியில் நிற்கிறது. அதை ஆடி முடித்துவிட்டு எடுக்க வேண்டும். பாதியில் கலைக்கக் கூடாது.

விலை ஏற்றுகிறவனிடம் எங்கள் ஆட்கள் பயப்பட மாட்டார்கள். சும்மா கொடுக்கிறவனைக் கண்டால்தான் கூடைக்குள் பாம்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள். நான் தட்டிப் பார்த்தேன். கணவர் எப்படிப் போனார் என்று விசாரித்தேன்.

மாடியில் அந்த மேஜைக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனாராம். நாலு மாதம் ஆகிறது. இதயம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாராம். அதற்கு முந்தின மாதமே அவருக்கு மனைவியை அடையாளம் தெரியவில்லையாம். டாக்டர் வயதுக் கோளாறு என்றாராம்.

"என்ன வயசும்மா அவருக்கு?"

"அம்பத்தி நாலு" என்றார்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். கிளம்பலாம் என்று கண்ணால் சொன்னேன். அவர் ஏற்கனவே மாடிப்படியில் பாதியில் இருந்தார். இலவசம் என்ற வார்த்தைக்குக் கால் முளைத்தால் எப்படி ஓடும், அப்படி.

மாடி முழுக்க ஒரே நீளமான அறை. வடக்குப் பக்கம் மட்டும் ஜன்னல். பட்டப்பகலிலும் வெளிச்சம் கிணற்றுக்குள் விழுந்தது போல மங்கலாக, ஈரமாக இருந்தது. உள்ளே காலை வைத்ததும் பெயிண்ட் வாசனை, டர்பன்டைன் வாசனை. அதற்கும் அடியில் வேறு ஒன்று. தீபாவளி வெடி தீர்ந்த பிறகு வருமே, அந்தக் கருகல் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் இதில் நனைந்த குதிரையின் நாற்றமும் கலந்திருந்தது.

மேஜை பன்னிரண்டு அடி நீளம். அளவையாளர் கை என்பது பார்த்தாலே தெரிந்தது. குன்று, ஆறு, கல்பாலம், பாலத்துக்கு இந்தப் பக்கம் மதில் வைத்த ஒரு பண்ணை வீடு, வைக்கோல் போர், கிணறு. ஜன்னல் பக்கம் சிவப்புச் சட்டைப் படை. எதிரே நீலச் சட்டைப் படை. சிவப்புப் பக்கம் ஒரு நாற்காலி இருந்தது. நீலப் பக்கம் நாற்காலி இல்லை. போட இடமும் இல்லை. மேஜையின் அந்த விளிம்பு சுவரோடு ஒட்டியிருந்தது.

"அந்தப் பக்கம் ஆடறவன் எங்க நிப்பான்?" என்று கேட்டேன்.

மாப்பிள்ளை காதில் வாங்கவில்லை. கல்யாணத்தன்று கூட அவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை நான் பார்த்ததில்லை. நாங்கள் மேஜையில் சாய்ந்து நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம். போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது.

நீலப் படைக்குப் பின்னால், குன்றை அடுத்து, ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது. அடியில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை விளக்கினார். சண்டையில் எதிரிக்குக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்கும் படையைத் துணி போட்டு மூடி வைப்பது இந்த ஆட்டத்தில் வழக்கமாம். நம் ஆள் குன்றின்மேல் ஏறிப் பார்த்தால்தான் துணியை எடுக்க வேண்டும். அதுவரை உள்ளே பத்துப் பேரா பத்தாயிரம் பேரா என்று தெரியாது.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தொழிலிலும் துணி உண்டு. மொத்த வியாபாரச் சந்தையில் நாலு பேர் நடுவில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். துண்டைப் போட்டு மூடி, அடியில் கையைப் பிடிப்போம். எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை. வேண்டாம் என்றால் கையை உதறுவோம். சரி என்றால் பிடித்த விரலை ஒரு அழுத்து அழுத்துவோம். அழுத்தினால் முடிந்தது, அப்புறம் ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது. அதனால் கையை உள்ளே விடுவதற்கு முன்னால் ஒரு சடங்கு போல ஒன்றைச் செய்வோம். ஒரு விரல் என்றால் என்ன என்பதை வாயால் சொல்லிவிடுவோம். ஒரு மூட்டையா, ஒரு வண்டியா, ஒரு மாதமா. விரலுக்கு அளவு சொல்லாமல் கை விடுகிறவன் வியாபாரியே இல்லை.

மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம், நீலப் பக்கத்துக்குப் பகடையை மட்டும் நான் உருட்டினால் போதும் என்றார். தோல் கோப்பையில் பகடை இருந்தது. குலுக்கிக் கொட்டினேன்.

ஆறு, ஆறு, ஆறு.

"நல்ல கை மச்சான் உனக்கு" என்றார். பண்ணை வீட்டு மதில் ஓரம் நின்ற நாலு சிவப்புச் சிப்பாய்களை எடுத்துப் பக்கத்தில் இருந்த பெட்டியில் போட்டார். பஞ்சு வைத்த பெட்டி. செத்தவர்கள் அதில்தான் படுப்பார்களாம். அதில் முன்பே நூற்றுக்கணக்கில் கிடந்தார்கள். எல்லாம் சிவப்பு. நீலச் சட்டை ஒன்றுகூட இல்லை.

மறுபடி உருட்டினேன். மறுபடி ஆறு. மூன்றாம் தடவை கோப்பையைத் தொடவே யோசனையாக இருந்தது. எடுத்துப் பார்த்தேன். பகடையில் பித்தலாட்டம் இல்லை, ஈயம் வைத்த பகடை என் கைக்குத் தெரியாமல் போகாது. உருட்டினேன். ஆறு.

கீழே எங்கோ தட்டுகிற சத்தம் கேட்டது. டக், டக், டகடக். அச்சகத்து இயந்திரம் என்று நினைத்தேன்.

அச்சகம் பூட்டியிருந்தது.

"மாப்பிள்ளை, அந்தக் குதிரைங்களை நீங்க நகர்த்தினீங்களா?"

ஆற்றுக்கு அப்பால் நின்ற நீலக் குதிரைகள் இப்போது பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றன. அவர் டேப்பை வைத்து அளந்தார். பன்னிரண்டு அங்குலம். விதிப்படி குதிரை ஒரு முறைக்கு எவ்வளவு போகலாமோ, சரியாக அவ்வளவு. அவர் பயப்படவில்லை. "கரெக்டா ஆடறான்" என்றார்.

பண்ணை வீடு நீலப் படையிடம் விழுந்தது. கைப்பிடி கைப்பிடியாகச் சிப்பாய்களைப் பெட்டியில் போட்டார். அப்போது அவருடைய போன் அடித்தது. கடைப் பையன் இல்லாத நாளில் மாற்றுச் சாவி எங்கே என்று யாரோ கேட்டார்கள் போலிருக்கிறது. "எந்தக் கடை?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஆட்டத்தில் மூழ்கினால் அவர் அப்படித்தான்.

பாலத்தில் நின்ற பட்டாளம் போனது. மறுபடி போன் அடித்தது. திரையில் என் தங்கையின் முகம். அவர் அதை எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மரியாதையாக என்னிடம் நீட்டினார்.

"இவங்க யாருன்னு தெரியுமா உங்களுக்கு? அடிக்கடி கூப்பிடறாங்க."

எழுந்திருங்க மாப்பிள்ளை, போகலாம் என்று தோளைப் பிடித்து இழுத்தேன். எழுபது கிலோ ஆள். பீரோக்களைத் தனியாக நகர்த்துகிறவன் நான். அவர் ஒரு அங்குலம் அசையவில்லை. அந்த நாற்காலியோடு சேர்த்து வார்த்த மாதிரி இருந்தார். கன்னம் சில்லென்றிருந்தது. தொட்டால் ஈயம்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றார். "வெளிச்சம் மறைக்குது."

சார்.

பதினாறு வருடமாக என்னை மச்சான் என்று கூப்பிட்ட வாய்.

சிவப்புப் பக்கம் எண்ணினேன். கொடி பிடித்தவனைச் சுற்றி ஒரே ஒரு வரிசை பாக்கி. இன்னும் ஒரு முறை. அதுவும் பெட்டிக்குள் போனால் அவருக்குள் எஞ்சியிருப்பதும் போகும். அளவையாளர் அப்படித்தான் போயிருக்கிறார். நான் பகடையை உருட்ட மறுத்துவிட்டேன். பகடையோடு சேர்த்துக் கோப்பையை ஜன்னல் வழியே எறிந்தேன். அது தெருவில் விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது.

மேஜைமேல், நீலப் பக்கத்தில், பகடை கிடந்தது.

ஆறு, ஆறு.

மூன்றாவது பகடை இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

"துணிக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க. ஆடறது அங்கதான் இருக்கு" என்று என் காதருகில் ஒரு குரல் சொன்னது. மாப்பிள்ளை சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. பயத்தில் என் மனசே பேசுகிறது என்று அப்போது நினைத்தேன். மனசுக்குப் பெண் குரல் எப்படி வந்தது என்று யோசிக்க நேரமில்லை.

மேஜைமேல் குனிந்து துணியைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. ஆணி அடித்தது போல இருந்தது. சரி, அடியில் இருப்பதைப் பிடுங்கிவிடுகிறேன் என்று ஓரத்தைத் தூக்கி வலது கையை உள்ளே விட்டேன்.

சுவர் நாலு அங்குலத்தில் இருந்தது. என் கை முழங்கை வரை போனது.

உள்ளே குளிர். சேறு. காற்று அடித்தது.

பிறகு ஒரு கை என் கையைப் பிடித்தது.

கத்தவில்லை. கத்த மூச்சு வேண்டும். அந்தக் கை பெரியது, காய்ந்தது, தொழில் தெரிந்தது. பிடித்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முறுக்கவில்லை, இழுக்கவில்லை. என் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பேசாமல் காத்திருந்தது.

விலை கேட்கிறது.

போர் தெரிந்தவனிடம் போர். பேரம் தெரிந்தவனிடம் பேரம். அதற்கு ஆள் முக்கியம், ஆட்டம் எதுவானால் என்ன.

பயந்தவனுக்குக் கடவுள் ஞாபகம் வரும் என்பார்கள். எனக்குச் சந்தை ஞாபகம் வந்தது. ஐந்து என்றதும் கை தானாகவே உதறியது. அதுவும் பிடியை மாற்றியது. நாலு. உதறினேன். மாப்பிள்ளை கொடிக்காரனைச் சுற்றி நின்ற சிப்பாய்களை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்திருந்தார். மூன்று. உதறினேன். பயம்தான். ஆனால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஓரத்தில் ஒரு துளி பெருமை இருந்தது. இறங்கி வருகிறது. என்னிடம் இறங்கி வருகிறது.

இரண்டு.

உதறினேன்.

நெடுநேரம் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையின் கையில் கடைசிச் சிப்பாய், கொடிக்காரன். பெட்டிக்கு மேலே கை நின்றது.

துணிக்கு அடியில் ஒரே ஒரு விரலைப் பிடித்தது. மோதிர விரல்.

ஒன்று.

இதைவிடக் குறைந்த விலை உலகத்தில் கிடையாது. அழுத்தினேன்.

அந்த அழுத்தல் முடியும்போதுதான் உறைத்தது. ஒன்று என்றால் ஒன்று என்ன என்று நான் சொல்லவே இல்லை.

பிடி நழுவியது. விரலிலிருந்து ஏதோ கழன்று போன மாதிரி இருந்தது. கையை வெளியே இழுத்தேன். துணி சுலபமாகக் கையோடு வந்தது. அடியில் தூசி. வெறும் பலகை. பின்னால் வெறும் சுவர்.

"என்ன மச்சான், துணியை எடுத்துட்ட?" என்றார் மாப்பிள்ளை. "ஆட்டமே முடிஞ்சுதே. அவன் பின்வாங்கிட்டான், பாரு."

நீலப் படை முழுவதும் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது. மாப்பிள்ளை எழுந்து சோம்பல் முறித்தார். எனக்குப் பசி, உன் தங்கச்சி திட்டப்போறா, மணி என்ன என்று கேட்டார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அதற்கும் ஒரு ஜோக் அடித்தார். நாங்கள் எதையும் எடுத்துக்கொள்ளாமல் இறங்கினோம்.

அந்த அம்மாள் படிக்குக் கீழே நின்று எங்களைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னாலும் பார்த்தார். படியில் இன்னும் யாரோ வர வேண்டும் என்பது போல.

"எத்தனை பேர் வந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு பேர்" என்றேன்.

அவர் சாப்பாட்டு மேஜையைத் திரும்பிப் பார்த்தார். தட்டில் ஐந்து கப். எனக்கும் மாப்பிள்ளைக்கும் இரண்டு, அவருடையது ஒன்று. நாலாவது கப்பிலும் குடித்து முடித்த மிச்சம் இருந்தது. விளிம்பில் லேசாக உதட்டுச் சாயம். ஐந்தாவது கப் தொடாமல் ஆறிக் கிடந்தது. கணவருக்கு ஊற்றுகிற பழக்கம் இன்னும் போகவில்லை என்று தனக்குத்தானே சொன்னார். நாலாவது கப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அந்தச் சின்னக் கட்டில்கள் இருந்த அறை வாசலில் போய் நின்றார். நாங்கள் கிளம்பும் வரை திரும்பவில்லை.

தங்கையிடம் நாலு மணிக்குள் ஆளை முழுசாக ஒப்படைத்தேன். பட்டனை எண்ணிக்கொள் என்றேன். அவள் சிரித்தாள். பிறகு காரை எட்டிப் பார்த்துவிட்டு, எதைத் தேடினாள் என்று மறந்தவள் போல நின்றாள்.

நான் என் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தேன்.

வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. ஒன்று என்னுடையது. இன்னொன்று சின்ன அளவு, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தது.

கொடியில் புடவை காய்ந்துகொண்டிருந்தது. குளியலறையில் இரண்டு பிரஷ். கட்டிலில் இரண்டு தலையணை, இரண்டிலும் பள்ளம். சமையலறைக் காலண்டரில் என்னுடையது அல்லாத உருண்டை எழுத்து: 'கேஸ் சிலிண்டர் சொல்லணும். இவருக்கு மாத்திரை. ஞாயிறு இவங்களோட நானும் போறேன், நல்லா பேரம் பேசறாரான்னு பாக்கணும்.'

மோதிர விரலைப் பார்த்தேன். வருடக்கணக்காக வெயில் படாத தோல், வெள்ளையாக ஒரு வளையம் போல.

போனை எடுத்து அந்தப் போட்டோவைப் பார்த்தேன். நானும் மாப்பிள்ளையும் மேஜையில் சாய்ந்து நிற்கிறோம். என் இரண்டு கையும் தெரிகிறது. அவர் இரண்டு கையும் தெரிகிறது. நான் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன். அப்படி ஒரு சிரிப்பை நான் எந்த வாடிக்கையாளரிடமும் சிரித்ததில்லை. போட்டோ எடுத்தவரைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறேன்.

யார் எடுத்தது?

ஒன்று என்றால் ஒரு சிப்பாய் இல்லை. ஒரு நாள் இல்லை. ஒரு ஆள். என் தங்கையின் கணவரை மீட்க என் மனைவியை விற்றிருக்கிறேன். அவள் பெயர் தெரியவில்லை. முகம் தெரியவில்லை. எத்தனை வருடம் என்று தெரியவில்லை. பேரம் படியவில்லை என்ற அந்தக் கல்யாண ஜோக்கை யாரிடமாவது சொன்னதாக ஒரு ஆளைக்கூட ஞாபகப்படுத்த முடியவில்லை. அது என் தலையில் இருந்த ஓட்டையை அடைக்க யாரோ வைத்த பஞ்சு.

சட்டையைக் கழற்றும்போது பையில் ஏதோ குத்தியது. விரல் உயரத்து ஈயப் பொம்மை. நீலச் சட்டை போட்ட பெண், தோளில் ஒரு சின்னப் பீப்பாய். நீலப் படையோடு சாராயப் பீப்பாய் சுமந்துபோகும் பெண்கள் அந்தக் காலத்தில் உண்டு என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். ஆனால் அந்த மேஜையில் அப்படி ஒரு பொம்மையைப் பார்க்கவில்லை என்றார். பெயிண்ட் ஈரமாக என் விரலில் ஒட்டியது. குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறாள். தலையைத் திருப்பி யாரையோ பார்க்கிறாள்.

மூன்று வாரம் ஆகிறது. அவள் என் கடை மேஜையில் நிற்கிறாள். பெயிண்ட் இன்னும் காயவில்லை. மூன்று பேர் விலை கேட்டார்கள். என் கடையில் விற்பனைக்கு இல்லாத முதல் சாமான் அவள். தெரியாத ஒருத்திக்காக இப்படி நெஞ்சு அடைக்குமா என்று கேட்டால், அடைக்கிறது.

போன செவ்வாய் மதியம், ஒரு கண்ணாடி ஜாடியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் வெயில். எதிர்க்கடையில் ரேடியோ. துணிக்கு அடியில் அந்தக் கை என் கையைப் பிடித்தது.

இந்தத் தடவை நான் தொழிலை மறக்கவில்லை. வாய்விட்டு அளவு சொன்னேன். "ஒரு விரல்னா ஒரு ஆள். நான் குடுத்தது திரும்பி வரணும். அதுக்கு என்ன வேணும்?"

விற்றவனே திரும்ப வாங்கப் போனால் விலை ஏறும். இது எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும்.

அது இரண்டு விரலைப் பிடித்தது.

உதறினேன். அன்றிலிருந்து தினமும் மதியம் வருகிறது. துணி, துண்டு, விரிப்பு, எதற்கு அடியில் கை போனாலும் வருகிறது. இறங்கி வருவதே இல்லை. இரண்டு. அதே இரண்டு. ஒவ்வொரு நாளும் உதறிவிடுகிறேன்.

நேற்று தங்கை போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளும் மாப்பிள்ளையும் சாப்பிட வருகிறார்களாம். இரண்டு பேரும்.

இன்று மதியம் அது பிடித்தபோது, நான் கையை உடனே உதறவில்லை.